டென்னியிடம் யாரும் கேட்கவில்லை

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை ஒரு புகைப்படத்திலிருந்து பிறந்தது.

எங்கள் தெருக்கோடித் தேவாலயத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை பழைய சாமான் விற்பார்கள். போன அக்டோபரில் அங்கே, கைப்பிடி போன வாணலிக்கும் யாரோ பாதி பின்னிவிட்டு அலுத்துப்போன ஸ்வெட்டருக்கும் நடுவில், கண்ணாடிச் சட்டமிட்ட படம் ஒன்று கிடந்தது. ஏழு ஆண்கள், ஏழு மீசைகள், ஏழு வளைந்த மட்டைகள். ஆறு பேர் கேமராவைப் பார்க்கிறார்கள். ஏழாமவர் மட்டும், யாரோ தன்னிடம் ஏதோ கேட்கப் போகிறார்கள் என்பதுபோலப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னட்டையில் 'ஐஸ் ஹாக்கி, 1909' என்று பென்சிலால் எழுதியிருந்தது.

அந்த ஏழாமவருக்கு ஆம்ப்ரோஸ் டென்னி என்று பெயர் வைத்தேன். இங்கிலாந்தில் இந்த ஆட்டம் தவழ ஆரம்பித்த காலத்து ஆட்டக்காரர். [இணையத்தில் தேட வேண்டாம். கிடைக்க மாட்டார். அவர் ஆடிய மெல்காம் கிளப்பும் கிடைக்காது. இரண்டையும் நான்தான் கட்டினேன்.]

எனக்குச் சறுக்கத் தெரியாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷமாக லண்டனில் இருக்கிறேன். ஒரே ஒரு முறை, அலுவலக கிறிஸ்துமஸ் விருந்தன்று, பனித்தளத்தில் இறங்கினேன். கால் ஒரு திசையில் போயிற்று, நான் இன்னொரு திசையில் போனேன். என்னை எழுப்பிவிட்டவர் ஜாய்ஸ் என்ற சக ஊழியர். அவரைப் பற்றிப் பிறகு.

2

கதையை மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "1909 பிப்ரவரி. லண்டன் மாநகரத்தைப் பனி வெள்ளைப் போர்வைபோல—"

நிறுத்திவிட்டேன். வெள்ளைப் போர்வை இல்லாமல் தமிழில் இதுவரை பனி பெய்ததே இல்லை. அது போகட்டும், ஆட்டம் நடந்தது கூரைக்குக் கீழே. தரைக்கடியில் குழாய் பதித்து உறையவைத்த தளம். மாடத்தில் பேண்டு வாத்தியம் வேறு. வெளியே பனி பெய்தால் என்ன, வெயில் அடித்தால் என்ன?

இரண்டாம் தொடக்கம்: "டென்னி நேர்மையானவர்."

இதை எழுதிவிட்டு அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் இல்லை. ஆனால் இதை முதல் வரியில் போட்டால், கடைசி வரி வரைக்கும் நான் அவருக்கு வக்கீலாக வேலை பார்க்க வேண்டியிருக்கும். அடித்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: "வட்டு உள்ளே போகவில்லை."

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

வட்டு உள்ளே போகவில்லை. இந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதில் ரப்பர் வட்டு; அது கோலின் இடது கம்பத்துக்கு வெளியே ஒரு சாண் தள்ளிப் போயிற்று.

இப்போதெல்லாம் கோலுக்குப் பின்னால் வலை இருக்கிறது. வலைக்குள் விழுந்தால் கோல், விழாவிட்டால் இல்லை, வாக்குவாதமே வேண்டாம். மெல்காம் கிளப்பில் வலை கிடையாது. இரண்டு கம்பங்கள் மட்டும். வலை கட்டலாம் என்று பேச்சு வந்தபோது, காலையில் அதே தளத்தில் எட்டுப் போட்டுச் சறுக்கும் சீமாட்டிகளின் கமிட்டி மறுத்துவிட்டது. வலையின் கொக்கிகள் பாவாடையில் மாட்டும், கொக்கிக்காகத் தோண்டும் குழியில் சறுக்குக்கத்தி சிக்கும். மறுப்புக் கடிதம் எழுதியவர் செல்வி ஹெஸ்டர் கிரேன். மிகவும் நயமான கடிதம். ஹாக்கிக்காரர்கள் தொப்பியைக் கழற்றி ஒப்புக்கொண்டார்கள்.

ஆகவே கோலா இல்லையா என்று சொல்ல, கம்பங்களுக்குப் பின்னால் ஒரு நடுவர் நிற்பார். கோல் விழுந்தால் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டுவார். அந்த நடுவர் கர்னல் பாஸ்கோம், கிளப்பின் தலைவர். முந்தின வாரம்தான் அவர் விருந்துக் கூடத்தில் கோட்டு மாட்டும் கம்பத்துக்கு மாலை வணக்கம் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். எல்லோரும் பார்த்தார்கள். யாரும் பார்க்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று நாம் சொல்வோம். இந்த ஊரில் பூசணிக்காயை மேசை நடுவிலேயே வைத்துவிட்டு, சோறு மட்டும் எப்படி இருக்கிறது என்று பேசுவார்கள்.

அன்று கிளப்பின் கோப்பைக்கான கடைசி ஆட்டம். எதிரணி, லண்டனில் தங்கி வேலை பார்க்கும் கனடாக்காரர்கள். அவர்களும் கிளப் உறுப்பினர்கள்தான். அவர்களுடைய கோல்கீப்பர் வாலஸ் கிரீர், வின்னிபெக்கிலிருந்து வந்தவர். மாடத்தில் இன்னொரு கூட்டமும் உட்கார்ந்திருந்தது: அடுத்த குளிர்காலம் சுவிட்சர்லாந்தில் நடக்கும் போட்டிக்கு இங்கிலாந்து அணியைத் தேர்ந்தெடுப்பவர்கள். இரண்டுக்கு இரண்டு. ஆட்டம் முடிய ஒரு நிமிடம். டென்னி அடித்தார். வட்டு கம்பத்துக்கு வெளியே போய்ப் பின்பலகையில் மோதியது. கர்னல் கைக்குட்டையை ஆட்டினார்.

வட்டு எங்கே போயிற்று என்று மூன்று பேருக்குத் தெரியும். அடித்த டென்னி. தடுக்க நின்ற கிரீர். கம்பத்துக்கு நேர்மேலே மாடத்தில் உட்கார்ந்திருந்த செல்வி ஹெஸ்டர் கிரேன்.

கிரீர் மட்டையைத் தளத்தில் அடித்துக்கொண்டு கத்தினார்.

"யோவ் கர்னல், வெளிய போச்சுய்யா அது! கண்ணு தெரியலன்னா கண்ணாடி போட்டுட்டு வந்து நில்லு."

[வின்னிபெக்காரர் 'யோவ்' என்றா சொல்லியிருப்பார் என்று கேட்பீர்கள். வேறு சொல் போட்டுப் பார்த்தேன். 'ஐயா கர்னல் அவர்களே' என்று போட்டால் அவரைக் கிளப்பை விட்டு நீக்கவே முடியவில்லை. கதை அதோடு நின்றுவிடுகிறது.]

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டியது கர்னலை. அவர் டென்னியின் பக்கம் திரும்பினார். கேட்கத்தான் திரும்பினார். அது அங்கே வழக்கம். நடுவருக்குச் சந்தேகம் வந்தால் ஆட்டக்காரரையே கேட்பார், ஆட்டக்காரர் தனக்கு நஷ்டமானாலும் உண்மையைச் சொல்வார். முந்தின பருவத்தில் அவர் டென்னியிடம், "மட்டை தோளுக்கு மேல போச்சாப்பா?" என்று கேட்டபோது, "போச்சு சார்" என்று டென்னி சொல்லி, அது தப்பாட்டம் என்று கோல் செல்லாமல் போய், அணியே தோற்றது. பத்திரிகைகள் அவரை மெச்சி எழுதின.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் கிரீர் கத்திவிட்டார். கத்திய பிறகு கேட்டால், கத்தலுக்குப் பணிந்து கேட்டதாக ஆகிவிடும். கர்னல் கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்தார். மூன்றுக்கு இரண்டு. பேண்டு வாசிக்க ஆரம்பித்தது.

4

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடியது. டென்னியையும் அழைத்திருந்தார்கள். கிரீரை நீக்குவதென்று முடிவாயிற்று. கிளப்பின் வாசலை அவர் இனி மிதிக்கக் கூடாது. காரணம்: நடுவரிடம் பேசிய தொனி. வட்டு எங்கே போயிற்று என்பது அந்தக் கூட்டத்தில் ஒருமுறைகூடப் பேச்சில் வரவில்லை. தொனியைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்கள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நம் ஊர்க் கணக்கு. இந்த ஊரில் வாயுள்ள பிள்ளை வாசலுக்கு வெளியே நிற்கும்.

எல்லாம் முடிந்ததும் கர்னல் கேட்டார்: "வேறு ஏதாவது உண்டா?"

இந்தக் கேள்வியைப் பற்றி ஒரு தனிப் புத்தகம் எழுதலாம். எந்தக் கூட்டமானாலும் கடைசியில் தலைவர் இதைக் கேட்பார். அன்றும் கேட்டார்கள், நான் வேலை பார்க்கும் இடத்தில் இன்றும் கேட்கிறார்கள். கேள்விக்குறி இருக்கிறது, கேள்வி இல்லை. தொப்பியை எடுத்துக்கொள்ளலாம் என்று அதற்கு அர்த்தம். 1912இல் ஒருவர் அதை உண்மையான கேள்வி என்று நினைத்து, குளியலறைத் துண்டுகள் ஈரமாக இருப்பதைப் பற்றிப் பேசிவிட்டார். கூட்டம் பத்தொன்பது நிமிடம் நீண்டது. அதன் பிறகு அவருக்கு 'துண்டுக்காரர்' என்றே பெயர்.

டென்னி வாயைத் திறந்தார் என்றுதான் எழுதியிருந்தேன். "டென்னி வாயைத் திறந்தார். எல்லோரும் அவரைத் திரும்பி—" இல்லை. திறக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டார்.

5

இனி அவருடைய ஆட்ட வாழ்க்கை. இதைப் பலரும் சுவாரசியமாக எழுதுவார்கள். எனக்கு அவசரம்.

சுவிட்சர்லாந்து போனார். மலையூர் ஒன்றில் திறந்த வெளியில் ஆட்டம், பார்வையாளர்கள் குதிரைவண்டியில் வந்து போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். டென்னி அங்கே இரண்டு கோல் போட்டார். இரண்டும் அசல் கோல், பசை போட்டு ஒட்டியதுபோல நட்டநடுவில். அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஊர் திரும்பியதும் எங்கே போனாலும், "1909 கோல் அடிச்சவர் நீங்கதானே?" என்றே கை குலுக்கினார்கள். ஆமாம் என்பார். அடித்தது அவர்தானே.

அடுத்த ஆண்டு அணித்தலைவர் ஆனார். ஹெஸ்டர் கிரேனை மணந்துகொண்டார். வட்டு போன வழியைப் பார்த்த இரண்டு பேர் ஒரே வீட்டில் குடியேறினார்கள். அவர் சொல்வார் என்று அந்த அம்மாள் காத்திருந்தார். அந்த அம்மாள் கேட்பார் என்று அவர் காத்திருந்தார். மற்றபடி நல்ல தாம்பத்தியம்.

போரை ஒரே வாக்கியத்தில் தாண்டுகிறேன், மன்னியுங்கள்: புகைப்படத்தில் இருந்த ஏழு பேரில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள், டென்னி ஒரு முழங்காலை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். ஆட்டம் அதோடு முடிந்தது. கர்னல் பாஸ்கோம் தம் படுக்கையிலேயே நிம்மதியாக இறந்தார். அவர் நின்ற இடத்தில், கம்பங்களுக்குப் பின்னால், கைக்குட்டையோடு டென்னி வந்து நின்றார்.

இந்த இடம் எனக்குப் பிடிக்கும். டென்னியைப் போல ஒரு நடுவர் அந்தக் கிளப்புக்கு வாய்த்ததில்லை. ஒவ்வொரு கோலுக்கும் ஆட்டக்காரரிடம் போய், "உள்ள போச்சா?" என்று கேட்பார். தெருவில் போகிறவனுக்கே தெரியும் கோலுக்கும் கேட்பார். அடித்தவரையும் கேட்பார், தடுத்தவரையும் கேட்பார். பையன்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரலில் பேசிச் சிரித்தார்கள். தேநீர் தீர்ந்துபோனால், "உள்ள போச்சா?" என்று கோப்பைக்குள் எட்டிப் பார்ப்பார்கள். டென்னியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். தன்னிடம் கேட்கப்படாத ஒன்றை ஒரு மனிதர் உலகம் பூராவையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

1926இல் தலைவர் ஆனார். அதற்குப் பிறகு மாதா மாதம், "வேறு ஏதாவது உண்டா?" என்று கேட்கும் வேலை அவருடையது. கேட்கிறவரே பதில் சொல்ல வழியில்லை.

6

இந்த இடத்தில் ஒரு மாதம் எழுதாமல் நிறுத்திவைத்தேன். டென்னிமேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

இப்படி ஒரு மனிதர் இருப்பாரா? ஒரு வார்த்தை. 'வெளியே போயிற்று.' அதைச் சொல்ல இத்தனை வருஷம் போதாதா? கர்னல் உயிரோடு இருந்தவரை அவர் மனம் நோகும் என்று சும்மா இருந்தார், சரி. அவர் போன பிறகு, செத்தவரைக் குறை சொல்வதா என்று சும்மா இருந்தார், அதுவும் சரி. எப்போதும் ஒரு நல்ல காரணம் இருந்தது. நல்ல காரணங்கள் இத்தனை வரிசையாக வந்து நிற்கும்போது வாசகர் நம்புவாரா?

கதையைப் படித்துப் பார்த்த நண்பர் ஒருவர் சொன்னார்: "கோழைன்னு எழுதிட்டுப் போ. எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கிற?"

சுற்றி வளைப்பதற்குக் காரணம் இருக்கிறது. புகைப்படம் என்று முதல் பகுதியில் சொன்னேனே, அது பொய். அப்படி ஒரு படம் கிடைக்கவே இல்லை. தேவாலய விற்பனைக்குப் போனது நிஜம், வாணலி நிஜம். புகைப்படத்தில் தொடங்கும் கதைக்கு மரியாதை அதிகம் என்பதால் அப்படிச் சொன்னேன். கதை பிறந்த இடம் என் அலுவலகம்.

நகராட்சியின் வீட்டுவசதிப் பிரிவு. போன கோடையில் ஒரு குடும்பத்துக்கு விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் போயிற்று, அதில் தேதி தவறு. அவர்கள் வந்து நின்றபோது விசாரணை முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவர்களுக்கு மறுபடி ஒரு தேதி கிடைக்க நான்கு மாதம் பிடித்தது. அந்தக் கோப்பு ஜாய்ஸின் மேசையில் இருந்ததால் பழி அவர் தலையில் விழுந்தது. கூட்டத்தில் ஜாய்ஸ் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசினார். "இத நான் டைப் அடிக்கல. யாரு அடிச்சாங்களோ அவங்க இந்த ரூம்லதான் இருக்காங்க. எனக்கு அது யாருன்னு தெரியணும்." குரல் உயர்ந்திருந்தது, உண்மைதான். மேலாளர் கனிவாகத் தலையசைத்தார். ஒரு வாரம் கழித்து ஜாய்ஸுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கூட்டத்தில் பேசிய தொனிக்காக.

அந்தக் கூட்டத்தின் முடிவில் மேலாளர், "வேறு ஏதாவது உண்டா?" என்று கேட்டார். நான் மடிக்கணினியை மூடினேன். தேதியைத் தட்டச்சு செய்தவர் யார் என்பது இந்தக் கதைக்கு அவசியமில்லை.

டென்னிக்குத் திரும்புவோம். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர்மேல் எனக்கு நம்பிக்கை திரும்பி வந்துவிட்டது.

7

1931 ஜனவரி. வின்னிபெக்கிலிருந்து ரயில்வே தொழிலாளர் அணி ஒன்று சுற்றுப்பயணமாக வந்தது. மெல்காம் கிளப்பில் ஓர் ஆட்டம். அணியின் பயிற்சியாளர் வாலஸ் கிரீர்.

நீக்கப்பட்டவர் வாசலை மிதிக்கக் கூடாது. தீர்மானம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. தம்முடைய பிள்ளைகள் உள்ளே ஆடும்போது அவர் நடைபாதையில் நிற்க வேண்டும். கிரீர் செயலாளருக்கு இரண்டு வரியில் கடிதம் எழுதினார், தன்னை உள்ளே விடவேண்டும் என்று. செயலாளர் இரண்டு பக்கத்தில் பதில் எழுதினார். 1909இல் பேசியதற்கு வருத்தம் தெரிவித்தால் கமிட்டி மகிழ்ச்சியோடு பரிசீலிக்கும்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை கமிட்டிக் கூட்டம். அன்று காலை டென்னியின் வீட்டில் நடந்த உரையாடல் முழுவதும் இதோ.

"இன்னிக்கு கிரீர் விஷயம் வருதாமே" என்றார் ஹெஸ்டர்.

"வருது."

"மழை வரும்போல இருக்கு. குடை எடுத்துட்டுப் போங்க."

இருபது வருஷத் தாம்பத்தியத்தில் அவர்கள் அந்த விஷயத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வந்ததே இல்லை. டென்னி முட்டையைப் பாதியில் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

கிளப் வாசலில் கிரீர் நின்றுகொண்டிருந்தார். படியில் ஏறவில்லை. படிக்குக் கீழே, சட்டப்படி எங்கே நிற்கலாமோ அங்கே. உடம்பு கனத்திருந்தது, காது மடல் ஒன்று எப்போதோ வட்டு பட்டுக் கிழிந்திருந்தது. டென்னி வண்டியிலிருந்து இறங்கித் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். கை குலுக்கினார்கள். கப்பல் பயணம் எப்படி என்று டென்னி விசாரித்தார். மோசம் என்றார் கிரீர். முழங்கால் எப்படி என்று கிரீர் விசாரித்தார். மோசம் என்றார் டென்னி. பிறகு கிரீர் சொன்னார்:

"மன்னிப்புக் கடுதாசி கேக்குறாங்க. போகாத வட்டுக்கு நான் எதுக்குய்யா மன்னிப்பு கேக்கணும்?"

டென்னி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், அவர் காத்திருந்தார். அடுத்த வாக்கியம் அந்தக் கேள்வியாக இருக்கும் என்று. நீயே சொல்லு, உள்ளே போச்சா? கேட்டுவிட்டால் போதும். இருபத்திரண்டு வருஷம் நுனிநாக்கில் இருந்தது வெளியே விழுந்துவிடும்.

நானும் அப்படித்தான் திட்டமிட்டிருந்தேன். கேள்வியை எழுதியும் வைத்திருந்தேன். கிரீர் சொல்ல மறுத்துவிட்டார்.

"உன்ன நான் எதுவும் கேக்கப் போறதில்ல, டென்னி. கேக்கணும்னா அன்னிக்கே உன் சட்டையப் பிடிச்சுக் கேட்டிருப்பேன். கேட்டாத்தான் சொல்லுவேன்னா, அந்த நியாயம் எனக்கு வேண்டாம். நீயே வச்சுக்கோ."

தொப்பியைத் தொட்டுவிட்டு நடந்தார். மழை ஆரம்பித்தது. டென்னி குடையை விரிக்க மறந்து நின்றார்.

8

கூட்டம். மேசையைச் சுற்றி எட்டுப் பேர், தலைமை டென்னி. கிரீர் விஷயம் ஆறாவதாக வந்தது. வருத்தக் கடிதம் வரவில்லை என்று செயலாளர் சொன்னார். அப்படியானால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஒருவர் சொன்னார். பாவம் என்று இன்னொருவர் சொன்னார். ஏழாவது விஷயம் தேநீர்க் கூடத்துத் திரைச்சீலை. பச்சை என்று முடிவாயிற்று.

"வேறு ஏதாவது உண்டா?" என்று டென்னி கேட்டார்.

எட்டுக் கைகள் தொப்பியைத் தேடின. இங்கே என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

(அ) டென்னி எழுந்து சொல்லிவிடுகிறார். "1909ல அந்த வட்டு உள்ள போகல. கிரீர் சொன்னதுதான் நிஜம்." பிறகு ஒருவர் மெதுவாகக் கைதட்ட, மற்றவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை. ஒரு கனடாக்காரனை உள்ளே விடுவதற்காகத் தம் கோலையே தாரை வார்க்கிறாரே மனிதர். "தலைவரின் அடக்கமான சொற்கள் கரவொலியோடு வரவேற்கப்பட்டன" என்று செயலாளர் குறித்துக்கொள்கிறார். தலைவரின் பெருந்தன்மையைத் தவறாகப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்பதால், கிரீரின் நீக்கம் அப்படியே நீடிக்கிறது.

நான் எழுதியதில் மிக உண்மையான முடிவு இது. அதனால்தான் பிடிக்கவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று சும்மா இருப்பவர்களுக்கு இது மிகவும் வசதி.

(ஆ) டென்னி சொல்லவில்லை. மறுநாள் ஆட்டம் தொடங்கும்போது தலைவருக்குரிய நாற்காலியில் உட்காராமல், வெளியே போய் நடைபாதையில் கிரீருக்குப் பக்கத்தில் நிற்கிறார். இருவர் தலைக்கும் ஒரே குடை.

அழகாக இருக்கிறது, படம் எடுத்தால் நன்றாக வரும். ஆனால் கிரீருக்கு வேண்டியது குடை இல்லை.

(இ) ஹெஸ்டர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து— இல்லை. புருஷன் வாய்க்குப் பெண்டாட்டி நாக்கா? இது அவருக்கு நான் செய்யும் அநியாயம். திரும்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

ஆக டென்னி மேசை முனையில் நிற்கிறார். கேள்வியைக் கேட்டாகிவிட்டது. தொப்பிகள் கிடைத்துவிட்டன, ஒருவர் கதவுப்பிடியில் கை வைத்துவிட்டார்.

9

வாசகரே, முதல் வரைவில் இதை உங்களிடம் ஒப்படைத்து முடித்திருந்தேன். 'நீங்கள் உரக்கக் கேளுங்கள், அவர் சொல்லிவிடுவார்' என்று ஒரு வரி. கேட்பதற்கு ஆளில்லாத கதையில் வாசகரே கேட்கிறவர். சாமர்த்தியமான முடிவு என்று இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். மூன்றாம் நாள் கிரீர் அதையும் கெடுத்துவிட்டார். கேட்டுச் சொன்னால் வேண்டாம் என்றுவிட்டாரே மனிதர். நான் எழுதிய வசனம்தான், ஆனால் என்னால் அதைத் தாண்ட முடியவில்லை.

அதனால் நீங்கள் கேட்க வேண்டாம். டென்னியை நீங்கள் என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம். பேச வையுங்கள், தொப்பியை எடுக்க வையுங்கள், முழங்காலோடு மாடிப்படியில் உருட்டிவிடுங்கள். அவர் உங்கள் பொறுப்பு. எனக்கு வேறு வேலை இருக்கிறது.

அந்தத் தேதியைத் தட்டச்சு செய்தது நான். பதினேழு என்பதற்குப் பத்தொன்பது என்று அடித்தேன். ஜாய்ஸ் கத்தியபோது அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

இதை எழுதி முடித்ததும் மனம் லேசாகிவிட்டது, மறைக்கவில்லை. எழுந்து போய் ஒரு காப்பி போட்டுக் குடித்தேன். பாதிக் கோப்பையில்தான் உறைத்தது. நான் இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். எங்கள் பிரிவில் பதினான்கு பேர். மேலாளருக்குத் தமிழ் தெரியாது. ஜாய்ஸுக்கும் தெரியாது. உலகத்திலேயே இந்த வாக்குமூலத்தால் எனக்கு ஒரு கெடுதலும் வராத மொழியாகப் பார்த்து ஒப்புக்கொண்டிருக்கிறேன். டென்னிகூட இவ்வளவு தூரம் போகவில்லை.

பிரிவின் மாதாந்திரக் கூட்டம் நாளை பகல் இரண்டு மணிக்கு. ஜாய்ஸ் வருவார், எச்சரிக்கைக் கடிதத்துக்குப் பிறகு அவர் கூட்டங்களில் பேசுவதில்லை. மூன்று மணி வாக்கில் மேலாளர் அந்தக் கேள்வியைக் கேட்பார். நான் சொல்ல வேண்டியது ஒரே வரிதான். அதை இந்த ஊர் மொழியில் ஒரு துண்டுத்தாளில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

இந்தக் கதையைப் பத்திரிகைக்கு இன்றே அனுப்பிவிடுகிறேன். நாளை மாலை வரை கையில் வைத்திருந்தால், நடந்ததற்கு ஏற்றாற்போல் கடைசிப் பத்தியை மாற்றி எழுதிவிடுவேன்.